நாப்பத்திரெண்டு குண்டுமணி

ஆகஸ்ட் 24, சனி

உருக்கி ஊத்தற சோப்பு பேஸ் வந்துருச்சு. ரெண்டு கிலோ. பெட்டியைப் பிரிச்சா பனீர்க் கட்டியாட்டம் வெள்ளை வெளேர்னு இருக்குது. கூடவே பிள்ளையார் அச்சும் வந்துது. ரப்பர் அச்சு, ஒரு தடவை ஊத்துனா மூணு பிள்ளையார். உள்ளங்கையில அடங்கற அளவு.

இந்த வருசம் பிள்ளையார் சதுர்த்தி நோம்பிக்கு எங்க அடுக்குமாடியில ஊட்டுக்கொரு பிள்ளையார் நாந்தான் தர்றேன்னு வாயைக் குடுத்துட்டேன். போன வருசம் வாங்குன பெயிண்டு அடிச்ச பிள்ளையாரைக் கரைக்க எடமில்லாம, சங்கச் செயலாளர் சென்னியப்பண்ணன் பத்து நாளு மோட்டார் ரூமுக்குள்ளயே வெச்சிருந்தாரு. அதைப் பார்த்து வந்த ரோசனை. சோப்புல பண்ணுனா மூணாம் நாளு வாளித் தண்ணியில கரைச்சு, அந்தத் தண்ணியிலயே வாசலைக் கழுவி உட்டறலாம்.

எங்க ஊட்டுக்காரருகிட்ட சொன்னேன். எதுக்கும் சிரிக்காத மனுசன், இதுக்குச் சிரிச்சாரு.

"ஏம்புள்ள வளரு, யாராச்சும் மறந்தாப்பல பிள்ளையாரைக் கக்கத்துல தேய்ச்சுட்டா பாவம் யாருக்கு?"

"தேய்க்கறவிகளுக்குத்தான்."

மொத மூணு ஊத்தியாச்சு. கட்டியைச் சின்னச் சின்னதா நறுக்கி, கொதிக்கற தண்ணி மேல பாத்திரத்தை வெச்சு உருக்கணும், ஆனா சோப்பு மட்டும் கொதிக்கக் கூடாது. மஞ்சளுக்கு நம்மூர் மஞ்சத்தூளே ஒரு சிட்டிகை. ஊத்துனதும் மேல நுரை கட்டுது, ஸ்பிரிட்டை ஒரு பீச்சு பீச்சுனா அடங்கிருது. ஸ்பிரிட்டு தீப்புடிக்கும்னு அடுப்பை அணைச்சனா அணைச்சனான்னு நாலு தடவை போய்ப் பார்த்தேன். நான் அப்படித்தான். பயந்தாங்கொள்ளி பண்ற வேலை சுத்தமா இருக்கும்னு எங்கம்மா சொல்லும்.

ஆகஸ்ட் 28, புதன்

பன்னெண்டு பிள்ளையார் ஆயிருச்சு. உடம்பெல்லாம் நல்லாத்தான் வருது. கண்ணுதான் சரியா வரமாட்டேங்குது. கருப்புக் கலர்ல பொட்டு வெச்சேன், விடிஞ்சு பார்த்தா கன்னம் வரைக்கும் இழுகி, அழுதுட்டு நிக்கறாப்பல இருக்குது. இந்த சோப்புக்கு வேர்க்கும். மழைக்காத்து அடிச்சாப் போதும், மேல முத்து முத்தா நீர் கோத்துக்குது.

அப்பறம் என்ன, களிமண் பிள்ளையாருக்கு வெக்கற குண்டுமணிதான். பூசை சாமான் கடையில ஒரு பொட்டணம் வாங்கியாந்தேன். சிவப்புல கருப்பு முழி. வெச்சதும் சாமிக்கு உசுரு வந்துருச்சு.

ஆகஸ்ட் 29, வியாழன்

உசுரு வந்தது ஒரு ராத்திரிதான். குண்டுமணி வழவழன்னு இருக்குது, சோப்பு காஞ்சதும் புடிப்பில்லாம கழண்டு விழுந்துருது. களிமண்ணாட்டம் இறுக்கிப் புடிக்க மாட்டேங்குது. பிள்ளையாரு எல்லாம் குருடாட்டம் வரிசையா நின்னாரு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வழி கண்டுபுடிச்சுட்டேன். குண்டுமணியோட பின்பக்கத்தை உப்புத்தாள்ல தேய்க்கணும். மேலோடு போயி உள்ள வெள்ளை தெரியற வரைக்கும் தேய்ச்சா சொரசொரப்பாயிரும், தட்டையாவும் ஆயிரும். அப்பறம் ஒரு சொட்டு உருக்குன சோப்பை வெச்சு ஒட்டுனா அசையாது. நகத்தை வெச்சு நெம்பிப் பார்த்தேன், வரல.

மத்தியானம் பூரா ஜன்னலோரம் ஒக்காந்து தேய்ச்சேன். இருபத்தோரு பிள்ளையார், நாப்பத்திரெண்டு கண்ணு. தூளு பறந்துது, வாயால ஊதி ஊதி உட்டேன். முதுகு செத்துப் போச்சு. ஆனா பாக்கப் பாக்கப் பெருமையா இருக்குது, யாருக்கு வரும் இந்த ரோசனை.

செப்டம்பர் 1, ஞாயிறு

கண்ணு ரெண்டும் உறுத்துது. மல்லிகை வாசனை எண்ணெய் கொஞ்சம் எச்சா ஊத்திட்டேன்னு நெனைக்கிறேன்.

மேல் மாடி சௌமியா கறிக்கொழம்பு குடுத்துட்டு, தன்யாவை எங்கிட்ட உட்டுட்டுக் கடைக்குப் போனா. தன்யாவுக்கு ரெண்டரை வயசு. என்னைப் பெரிம்மாங்கும். வந்ததும் எம்மடியில ஏறி ஒக்காந்துக்கிட்டு, என்ற தாலிக்கொடியைப் புடிச்சு இழுத்து வாயில வெக்கும். எதைக் குடுத்தாலும் மொதல்ல வாயிலதான். பொம்மை, சாவி, ரிமோட்டு, எல்லாத்தையும் ருசி பார்த்தாகணும் அதுக்கு.

போன மாசம் மூணாவது மாடியில வளைகாப்பு. என்னையும் கூப்புட்டிருந்தாங்க. வளையல் போடத்தான் கூப்புடல. கல்யாணமாகிப் பதினாலு வருசம், பழகிருச்சு. நான் பாட்டுக்குச் சாப்புட்டுட்டு வந்துட்டேன். பருப்புப் பாயாசம் நல்லா இருந்துது. அன்னிக்கு சௌமியாதான் நேரா வந்து, "அக்கா, இவளைக் கொஞ்சம் வெச்சுக்கங்க, எனக்குக் கை வலிக்குது"ன்னு எல்லாரும் பாக்க தன்யாவை எங்கையில குடுத்தா.

செப்டம்பர் 4, புதன்

இருபது ஊட்டுக்கும் குடுத்து முடிச்சாச்சு. ஒண்ணு எங்களுக்கு. வாழையெலைத் துண்டுல வெச்சு, வேர்க்காம இருக்க மெல்லிசு பிளாஸ்டிக் தாளைச் சுத்திக் குடுத்தேன்.

கீழ் ஊட்டு ராஜாமணியக்கா வாயால நல்ல வார்த்தை வாங்கறது கல்லுல நாரு உரிக்கற மாதிரி. அதுவே திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கண்ணுதான் அம்மிணி கண்ணு. நம்மளையே பாக்கறாப்பல இருக்குது"ன்னு சொல்லுச்சு. சென்னியப்பண்ணன் குரூப்புல போட்டோ போட்டு நன்றி சொல்லியிருக்காரு. சௌமியா அவங்கம்மா ஊட்டுக்குக் கோபிக்குக் கொண்டு போறாளாம்.

எனக்கு எடது கண்ணு வீங்கிருச்சு.

செப்டம்பர் 5, வியாழன்

கண்ணைத் தொறக்க முடியல. எழுத முடியல.

செப்டம்பர் 6, வெள்ளி

கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். ஊட்டுக்காரருக்கு லாரி ஆபீஸ்ல லீவு கெடைக்கல, நானே ஆட்டோவுல போயிட்டேன். சின்ன வயசு டாக்டரம்மா. லைட்டு அடிச்சுப் பார்த்துட்டு, சாதாரணக் கண்ணு வலி மாதிரி இல்லையே, கையில என்ன எடுத்தீங்கன்னு கேட்டுது. சோப்புன்னேன். ஸ்பிரிட்டுன்னேன். வாசனை எண்ணெய்ன்னேன். வேறன்னு கேட்டுது. குண்டுமணின்னேன்.

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுது.

"உடைச்சீங்களா?"

"இல்லீங். ஒட்டறதுக்காகப் பின்பக்கம் கொஞ்சம் உப்புத்தாள்ல தேய்ச்சேன்."

அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதி வெக்கிறேன். குண்டுமணியை முழுசா முழுங்குனா பெரும்பாலும் அப்படியே வெளியில போயிரும், ஓடு அவ்வளவு கெட்டி. ஓடு உடைஞ்சாலோ ஓட்டை போட்டாலோ தேய்ச்சாலோ உள்ள இருக்கறது வெளிய வந்துரும். அது விஷம். சின்னக் குழந்தைக்கு ஒண்ணே போதும். மாத்து மருந்து கெடையாது. சாப்புட்ட உடனே ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சு வாந்தி, வயித்தால, ரத்தமாப் போகும். சிலதுக்கு ரெண்டு மூணு நாளு கூட ஆகும்.

"வேற யாருக்காவது கொடுத்திருக்கீங்களா?"

"இல்லீங் டாக்டர். ரெண்டு மூணுதான் தேய்ச்சேன். குப்பையில போட்டுட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. வாய் தானாச் சொல்லீருச்சு. சொட்டு மருந்து குடுத்தாங்க, ஒரு நாளைக்கு ஆறு தடவை.

ஊட்டுக்கு வந்து எங்க பிள்ளையாரோட ரெண்டு கண்ணையும் நெம்பி எடுத்து, மூடி இருக்கற பாட்டல்ல போட்டுட்டேன். மீதி நாப்பது வெளிய இருக்குது.

காலங்காலமா பிள்ளையாருக்குக் குண்டுமணிதான் கண்ணு. யாரு செத்தா. ஆனா அதெல்லாம் முழுசு. தேய்ச்சது நாந்தான்.

சௌமியாவுக்குப் போன் போட்டேன். ரெண்டு ரிங்கு போகறதுக்குள்ள நானே கட் பண்ணிட்டேன். நாளைக்கு நோம்பி. ஊரு போயி எறங்கியிருப்பா, இப்பப் போயி எதுக்கு அந்தப் புள்ளையை வெசனப்படுத்தறதுன்னு உட்டுட்டேன். எல்லாரும் பூசை அறையில ஒசரத்துலதான் வெச்சிருப்பாங்க. நாளைக்குக் காத்தால நானே ஊடு ஊடாப் போயி வாங்கிக்கறேன்.

அவருகிட்டயும் சொல்லல. கண்ணுக்கு என்னன்னு கேட்டாரு. அலர்ஜின்னேன்.

செப்டம்பர் 7, சனி, நோம்பி

ஆறு மணிக்கே குளிச்சு, ஒரு சம்படத்தையும் கொஞ்சம் மிளகையும் எடுத்துட்டுக் கெளம்பினேன். என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன். "கண்ணுல சாயம் எறங்குதுங், சாமி மொகம் கறையாயிரும், மாத்தி மிளகு வெச்சுத் தர்றேன்." வெசம்னு சொல்லல. நல்ல நாளு அன்னிக்கு அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது.

ஏழு ஊட்டுல இன்னும் சாமியை எடுத்து வெக்கல. அவியளுக்கு நோம்பிச் சமையல் அவசரம், "சரிங்கக்கா, மாத்திக் குடுங்க"ன்னாங்க. பதினாலு கண்ணு எடுத்தாச்சு.

மத்த ஊட்டுல எல்லாம் நல்ல நேரம் பாத்து ஆறு மணிக்கே சாமியை மணையில வெச்சு, பூவு போட்டு, வெளக்கேத்திட்டாங்க. ராஜாமணியக்கா வாசப்படி நெலவுலயே என்னை நிறுத்திருச்சு.

"ஏம்மிணி, பூசையில ஒக்காந்த சாமிகிட்ட வந்து கண்ணைப் புடுங்கித் தாங்கற. நாளும் கெழமையுமா பேசற பேச்சா இது?"

"சாயம் எறங்குதுங்க்கா."

"எறங்கட்டும். குண்டுமணிக்கே குண்டியில கருப்பு இருக்குது. சோப்புல ஒரு கறை இருந்தா என்ன கெட்டுப் போச்சு. மூணாம் நாளு கரைச்சுட்டு நானே கழுவிக் கொண்டாந்து தர்றேன், போ."

பன்னெண்டு ஊட்டுலயும் இதே பேச்சுத்தான். ஒருத்தரையும் குத்தம் சொல்ல முடியாது. மணையில வெச்ச சாமியை அசைக்கவே மாட்டோம், கண்ணைப் புடுங்குன்னா யாரு உடுவா. மூணாவது மாடியில அந்த வளைகாப்புப் பொண்ணோட மாமியா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நீ எதுக்கம்மா இதெல்லாம்"ன்னுட்டுக் கதவைச் சாத்துனாங்க. எதுக்குன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல.

படியேறி மேல வரும்போது வெசம்னு சொல்லீரலாம்னு மூணு தடவை வாய் வரைக்கும் வந்துது. சொன்னா என்ன கேப்பாங்கன்னு தெரியும். தெரிஞ்சே பண்ணுனாளாம்பாங்க. அவளுக்குப் புள்ளைகளோட அருமை எப்படித் தெரியும்பாங்க.

பதினோரு மணிக்கு சௌமியாவுக்குப் போன் பண்ணினேன். அவகிட்டயும் சாயம்தான் சொன்னேன். "அட உடுங்கக்கா, கண்ணு அவ்வளவு அழகா இருக்குது. தன்யா அதையேதான் பார்த்துட்டு நிக்கறா. எங்கம்மா ஹால்ல மணை போட்டு வெச்சிருக்காங்க"ன்னா. ஹால்ல மணைன்னா முழங்கால் ஒசரந்தான். "பாப்பாவைக் கிட்ட உடாத சௌமி"ன்னேன். சிரிச்சுட்டு, "சாமிதானேக்கா"ன்னா.

கொழுக்கட்டை வேகாம மாவா இருந்துது. அவரு அதையே சாப்புட்டாரு.

சாயங்காலம் சென்னியப்பண்ணன் குரூப்புல போட்டிருந்தாரு. திங்கக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கீழ நீல டிரம்முல தண்ணி நெப்பி, எல்லாப் பிள்ளையாரையும் புள்ளைக கையாலயே கரைக்கப் போறோம், புள்ளைகளைக் கூட்டியாங்கன்னு. சோப்பு கரைஞ்சா கண்ணு கழண்டு டிரம்மடியில போகும். செவப்பா மினுக்கறதைப் பார்த்தா எந்தப் பொடுசு கைய உட்டு எடுக்காம இருக்கும். அதுக்கு இன்னும் ரெண்டு நாளு இருக்குது. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணீரலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்னிக்கு எதையும் உடாம எழுதோணும்.

காத்தால பத்தேகாலுக்கு சௌமியா ஒரு போட்டோ அனுப்பினா. தன்யா பட்டுப்பாவாடை கட்டி, மணைக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கா. மடியில பிள்ளையார். அடியில "உங்க பிள்ளையாரை உடவே மாட்டேங்கறா பெரிம்மா"ன்னு எழுதியிருந்தா.

பெருசு பண்ணிப் பார்த்தேன். பிள்ளையாருக்கு ஒரு கண்ணு இல்ல. வலது பக்கம் வெறும் குழி.

என்ற கண்ணுதான் சரியாத் தெரியலையோன்னு ஜன்னல் வெளிச்சத்துல கொண்டு போயிப் பார்த்தேன். குழிதான். போன் அடிச்சேன், எடுக்கல. மறுக்கா அடிச்சேன். மூணாவது தடவை எடுத்தா.

"சௌமி, ஒரு கண்ணு எங்க?"

"எதுங்க்கா? ஓ, அதா. எங்காச்சும் விழுந்திருக்கும். அப்பவே கேக்கணும்னு நெனைச்சேன், வேர்த்து வேர்த்து வழியுது உங்க சோப்பு."

அப்பவும் ஒரு நொடி சும்மா இருந்தேன். அதையும் எழுதோணும். சரி தேடிப் பாருன்னு சொல்லிட்டு வெச்சுரலாமான்னு அந்த ஒரு நொடி நெனைச்சேன்.

அப்பறம் சொல்லீட்டேன். "சௌமி, அது வெசம். முழுசா இருந்தாப் பரவால்ல, நான் ஒட்டறதுக்காக மேலோட்டைத் தேய்ச்சு வெச்சுட்டேன். பாப்பா வாயில போட்டிருந்தா உசுருக்கே ஆபத்து. இன்னொரு கண்ணையும் எடுத்துட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போ. தேடீட்டு நிக்காத."

"சாயம்னு சொன்னீங்க"ன்னா சௌமியா.

"பொய் சொன்னேன் சாமி. வெள்ளிக்கெழமையே எனக்குத் தெரியும். கண்ணு டாக்டர் சொன்னாங்க."

போனு கட்டாயிருச்சு.

அடுத்தது குரூப்பு. எழுதுனா நேரமாகும்னு பேசித்தான் போட்டேன். "நான் குடுத்த பிள்ளையார் கண்ணுல வெசம் இருக்குதுங். புள்ளைகளைக் கிட்ட உடாதீங்க. கையால தொடாம எடுத்து வையுங்க, வந்து வாங்கிக்கறேன். சாயம்னு சொன்னது பொய்யிங். தப்பு எம்மேலதான்." முப்பது விநாடி கூட இல்ல. ரெண்டு நாளாத் தொண்டையில நின்னது முப்பது விநாடிதான்.

பக்கத்து ரூமுல அவருக்கும் அது கேட்டிருக்குது. போனைக் கையில வெச்சுட்டே வந்து நின்னாரு. திட்டுவாருன்னு பார்த்தேன்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே வளரு," ன்னாரு. செருப்பைப் போட்டுட்டு, பாட்டலை வாங்கீட்டு எம்பின்னாலயே வந்தாரு.

கீழ ஒரே கூட்டம். சென்னியப்பண்ணன் மட்டும், "வெசம்னா சரிதானுங், ஆனா பூசையில இருக்கற சாமியிங்களே, அய்யருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு"ன்னு இழுத்துட்டு இருந்தாரு. ராஜாமணியக்கா உள்ள போயி, அவங்கூட்டுப் பிள்ளையாரை வெளிய கொண்டாந்து, எல்லாரும் பாக்கக் கரண்டிக் காம்புல ரெண்டு கண்ணையும் நெம்பிப் போட்டுச்சு.

"சாமிக்கு மறுக்கா கண்ணு வெச்சுக்கலாம். புள்ளைகளுக்கு உசுரை எங்க போயி வெப்ப. ம், எடுத்துட்டு வாங்க எல்லாரும்."

அப்பறம் எங்கிட்டத் திரும்புச்சு. "நேத்து நெலவுல நின்னப்ப இதைச் சொல்றதுக்கு உனக்கு என்னடி கேடு. எங்கூட்டுப் பேரன் அந்த மணைக்கிட்டத்தான் தூங்குனான்."

பன்னெண்டு ஊட்டுலயும் சேர்த்து இருபத்திநாலு வந்துருச்சு. எல்லாம் எண்ணிப் பாட்டல்ல போட்டாச்சு. எங்குளுது ரெண்டு, நேத்து எடுத்த பதினாலு, இது இருபத்திநாலு. நாப்பது. சௌமியாவுது ரெண்டு மட்டும் பாக்கி. அதுல ஒண்ணு ஆஸ்பத்திரியில டாக்டர் கையில இருக்குது. இன்னொண்ணு காணோம்.

சாயங்காலம் சௌமியா ஊட்டுக்காரன் பிரதீப் தம்பிக்கு எங்க ஊட்டுக்காரரு போன் பண்ணினாரு. கோபியில இருந்து ஈரோட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்களாம். அந்த ஊட்டுல கட்டல், சோபா எல்லாம் நவுத்தித் தேடியாச்சு, இல்ல. காத்தால வேலைக்காரம்மா கூட்டி அள்ளிக் கொட்டுனதுல போச்சா, புள்ளை வயித்துக்குள்ள போச்சான்னு தெரியல. கேட்டா தன்யா எல்லாத்துக்கும் "ஆமா"ங்குதாம். முழுங்குனயான்னா ஆமா. கீழ போட்டயான்னா ஆமா.

நாங்க வரட்டுமான்னு கேட்டாரு. பிரதீப் மரியாதையாத்தான் சொல்லியிருக்கான். "அக்கா வர வேண்டாங்ண்ணா."

செப்டம்பர் 9, திங்கள்

தன்யா காத்தால ஒரு வாந்தி எடுத்திருக்குது. பாலு குடிச்சதுமே வந்ததாம். வெசத்துனாலயா மருந்துனாலயான்னு டாக்டருங்களுக்கே சொல்லத் தெரியலையாம். கையில ஊசி குத்தி குளுகோஸ் ஏத்தறாங்க. ரத்தம் எடுத்திருக்காங்க. புதங்கெழமை காத்தால வரைக்கும் தாண்டணும்னு சொல்லியிருக்காங்க. இதையும் பிரதீப் இவருகிட்டத்தான் சொன்னான்.

வாந்தியில ரத்தம் இருந்துதான்னு கேளுங்கன்னேன். இல்லைன்னானாம்.

பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுக்காக் கழுவினேன். மிச்சம் இருந்த சோப்பு பேஸ், அச்சு, எண்ணெய், உப்புத்தாள் எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி வெச்சேன். ஜன்னலோரம் அன்னிக்குத் தூளு ஊதுன எடத்தை ஈரத்துணியில நாலு தடவை தொடைச்சேன். அந்த எடத்துலதான் போன வாரம் ஞாயித்துக்கெழமை தன்யா என்ற மடியில ஒக்காந்திருந்துது. அது நெனப்பு வந்ததும் துணியை நனைச்சுட்டு வந்து மறுக்காத் தொடைச்சேன்.

கீழ டிரம்மு காலியா நிக்குது. யாரும் கரைக்க வரல.

செப்டம்பர் 10, செவ்வாய், காலை

பிரதீப் போனை எடுக்கல.

செப்டம்பர் 10, மதியம்

எடுத்துட்டான். தூங்கீட்டு இருந்தானாம். புள்ளை இட்லி தின்னுச்சாம், அரை இட்லி. வயித்தால போகல.

சும்மா ஒக்கார முடியல. பாட்டலைத் துணியில சுத்தி எடுத்துட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வாங்கி, மொறையா ஒக்காந்து, அந்த டாக்டரம்மாகிட்ட சொன்னேன். "அன்னிக்கு ரெண்டு மூணுன்னு சொன்னேன். நாப்பத்திரெண்டுங். இருபது ஊட்டுக்குக் குடுத்திருந்தேன்." தன்யா சங்கதியையும் சொன்னேன்.

அந்தம்மா பாட்டலையே பார்த்துட்டு இருந்துது. "அன்னைக்கே சொல்லியிருந்தா நானே உட்கார்ந்து எல்லார் வீட்டுக்கும் போன் பண்ணியிருப்பேனே. உங்களை ஜெயிலில் போட்டிருக்கப் போறேனா?" ன்னுது. அப்பறம் தன்யா இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அங்கத்த டாக்டர்கிட்ட எத்தனை தேய்ச்சிருக்குது, எவ்வளவு ஆழம்னு என்னைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுச்சு. பாட்டலை வாங்கி வெச்சுக்கிச்சு.

ஆட்டோவுல வரும்போது அழுதேன். ஆட்டோக்காரரு, யாருக்கும்மா ஒடம்பு சரியில்லைன்னு கேட்டாரு. எம்புள்ளைக்குன்னேன். அதுவும் பொய்தான். ஒரு பொய் போனா இன்னொண்ணு வந்துருது இந்த வாயில.

வெள்ளிக்கெழமை நான் எதுக்கு வாயைத் தொறக்கலைன்னு வழி பூரா நெனைச்சுட்டே வந்தேன். நோம்பின்னு சொன்னேன், வெசனப்படுவாளேன்னு சொன்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெசம்னு சொன்னா சௌமியா இனி தன்யாவை எங்கையில குடுக்க மாட்டாளேன்னு பயந்தேன். அதுக்காக அந்தப் புள்ளையை ரெண்டு நாளு வெசத்தோட வெளையாட உட்டிருக்கேன். இதைப் படிச்சுப் பார்த்தா எனக்கே எம்மேல அருவருப்பா இருக்குது. அழிக்கல.

செப்டம்பர் 11, புதன்

ஒன்பது மணிக்கு இவரு போனை நீட்டுனாரு. பிரதீப் அனுப்பியிருந்தான். "டிஸ்சார்ஜ். நல்லா இருக்கா."

ரெண்டு தடவை படிச்சுட்டு, நல்லா இருக்கான்னா தன்யாதானேன்னு இவருகிட்டக் கேட்டேன். தன்யாதான்னாரு. முழுங்கவே இல்லையோ, கடிக்காம முழுங்கி வெளிய போயிருச்சோ, யாருக்கும் தெரியல. அந்த ஒரு குண்டுமணி கடைசி வரைக்கும் கெடைக்கல.

பதினோரு மணிக்குப் பிரதீப்போட காரு வந்துது. ஜன்னல்ல நின்னு பார்த்தேன். கீழ போகத் தகிரியம் இல்ல. லிப்ட்டு எங்க மாடியைத் தாண்டி மேல போகும்னுதான் நெனைச்சேன். நின்னுது. காலிங்பெல் அடிச்சுது.

சௌமியா வெளியவே நின்னா. மூணு நாளு தூக்கமில்லாத மொகம். இடுப்புல தன்யா, பின்னங்கையில ஊசி குத்துன எடத்துல பஞ்சு ஒட்டியிருந்துது.

"நீங்க விதையை வெச்சதுல எனக்குக் கோவம் இல்லீங்க்கா," ன்னா. "யாருக்குத் தெரியும், நானே வெச்சிருப்பேன். வெள்ளிக்கெழம ராத்திரியும் சனிக்கெழம ராத்திரியும் இவ அந்தப் பிள்ளையார்கிட்டத்தான் பாய் போட்டுத் தூங்குனா. நானும் பக்கத்துல நிம்மதியாத் தூங்குனேன். அந்த ரெண்டு நாளும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதைத்தான் என்னால தாங்க முடியல."

"ஆமா சௌமி," ன்னேன். மன்னிச்சுருன்னு கேக்கலாம்னு நெனைச்சேன். கேட்டா அவ ஏதாச்சும் பதில் சொல்லியாகணும். அந்தப் பாரத்தையும் அவ தலையில எதுக்கு வெக்கணும்னு கேக்கல.

தன்யாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும். "பெரிம்மா"ன்னு ரெண்டு கையையும் நீட்டீருச்சு. நான் கையைத் தூக்கல. பின்னால கட்டிக்கிட்டேன். அது சிணுங்குச்சு, அம்மா இடுப்புல இருந்து எம்பக்கமாச் சாஞ்சுது.

சௌமியா என்ற கையைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா.

"கையைக் கழுவீட்டு வாங்க்கா," ன்னா.

உள்ள போனேன். பிள்ளையாருக்கு உருக்கி மீந்ததுல நான் பண்ணுன சோப்பு குளியலறையில நாலு இருந்துது, அதைத் தொடல. அவரு மொகம் கழுவற கடை சோப்பை எடுத்து, முழங்கை வரைக்கும் போட்டு, நகத்திடுக்கெல்லாம் தேய்ச்சு, மூணு தடவை கழுவினேன். குழாய்ச் சத்தத்துல வெளிய ஒண்ணும் கேக்கல. மனசு மாறி மேல போயிருப்பான்னே நெனைச்சேன். ஒரு வேளை அதுக்குத்தான் அனுப்பினாளோன்னும் நெனைச்சேன். துண்டுல தொடைக்காம, ஈரக்கையோடவே வந்து பார்த்தேன்.

நின்னுட்டு இருந்தா.

தன்யாவை எங்கையில குடுத்தா. அது எங்கழுத்தைக் கட்டீட்டு, தாலிக்கொடியைப் புடிச்சு வாயில வெச்சுது. சௌமியா அதோட ஒரு காலை மட்டும் புடிச்சிருந்தா. நான் வெச்சிருந்த நேரம் பூரா அந்தக் காலை அவ உடவே இல்ல.